ஒயரைப் பிடுங்கினால் நாட்டுப்பாட்டு ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழுவைப் பற்றி வந்த கட்டுரையை, மண்டபத்திலிருந்து தங்கச்சிமடம் வரை கிதார் பிடிக்கும் பிள்ளைகள் போனில் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சைக்கடெலிக் ராக் (மயக்கநிலை போல ஒலிகளைச் சுழலவிடும் மின்கிதார் இசை) வாசித்த ஒரு குழு 1970-ல் எப்படி நாட்டுப்புற, கன்ட்ரி இசைப் பக்கம் வந்தது என்பதுதான் விஷயம். அம்பா பாட்டையும் (வலை இழுக்கும்போது மீனவர் பாடுவது) மின்கிதாரையும் ஒரே மேடையில் ஏற்றிப் பார்க்க ஆசைப்படும் கடற்கரை ஊர்களில் இப்படி ஒரு கட்டுரை படிக்கப்படுவது நல்லதே. ஆனால் "மின்சாரக் கருவிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு எளிய பாட்டுக்குத் திரும்பினார்கள்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. தூக்கியும் போடவில்லை, எளிதாகவும் இருக்கவில்லை. அந்த வரியை நம்பி ஆம்ப்ளிஃபயரை விற்க நாலு பேர் தயாராக இருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வெட்டுவதானால் வரலாற்றை வெட்டுங்கள். சுருதிக் கணக்கை வெட்டாதீர்கள்.

திரும்பினார்கள் என்ற சொல் ஒரு வகையில் சரி. குழுவின் முதன்மைக் கிதார்காரர் ஜெர்ரி கார்சியா ராக் வாசிக்க வருவதற்கு முன் பேஞ்சோ (வட்டமான தோல் முகப்புள்ள கம்பிக் கருவி) வாசித்தவர். 1964-ல் அவரும், பிறகு இதே குழுவில் இருந்த பாப் வியரும் பிக்பென்னும் சேர்ந்து நடத்தியது ஒரு ஜக் பேண்ட் (ஜாடி போன்ற வீட்டுச் சாமான்களையும் வாசிக்கும் குழு). பழைய கிராமத்துப் பாட்டுகள்தான் அவர்கள் சரக்கு. 1965-ல் மின்சாரக் கருவிகளுக்கு மாறிய பிறகுதான் 'கிரேட்ஃபுல் டெட்' என்ற பெயரே வந்தது. பிறந்த வீட்டுக்கு வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வந்த வழிதான் சுற்றுவழி.

1968 ஜூலையில் வந்த 'ஆந்தம் ஆஃப் தி சன்' தொகுப்பு, பல மேடைகளில் பதிவான நாடாக்களையும் ஸ்டுடியோப் பதிவையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டித் தைத்தது. அந்த வேலையின் நடுவே பாப் வியர் "கனத்த காற்றின்" ஓசை வேண்டும் என்று கேட்டதும், தயாரிப்பாளர் டேவ் ஹாசிங்கர் பாதியில் விலகிப் போனதும் பிரசித்தம். (சித்திரை மாதம் தொண்டிக்கு வந்திருந்தால் கனத்த காற்று காசில்லாமல் கிடைத்திருக்கும்.) அடுத்த 'ஆக்ஸோமாக்ஸோவா' 1969 ஜூனில் வந்தது. எட்டுத் தடக் கருவியில் (தடம் என்பது தனியாகப் பதிந்து பிறகு மற்றவற்றோடு கலக்கும் ஒலிவரிசை) தொடங்கியவர்கள், புதிதாக 16 தடக் கருவி கைக்கு வந்ததும் முதலிலிருந்து மறுபடி பதிந்தார்கள். தடம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்குமா? மணி ஒன்று, முணுமுணுப்பு ஒன்று, தலைகீழாக ஓடும் குரல் ஒன்று என்று ரொப்பினார்கள். முடிவில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குக் குழு பட்ட கடன் ஏறக்குறைய 1,80,000 டாலர். 1971-ல் கார்சியாவும் பாஸ் கிதார்காரர் ஃபில் லெஷும் அதே தொகுப்பை மறுபடி கையில் எடுத்து, சேர்த்தவற்றில் பலவற்றைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள். லேப்டாப்பில் 60 தடம் திறந்து வைத்திருக்கும் நம் பிள்ளைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

கடன் ஒரு பக்கம். 1970 ஜனவரி கடைசியில் நியூ ஆர்லியன்ஸில் குழுவில் பெரும்பாலோர் கைதானார்கள். அந்த நாட்களிலேயே மேலாளர் சுருட்டிக்கொண்டு போன தொகை ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கில் தெரிந்தது. ஆகவே பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவின் பசிஃபிக் ஹை ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது, சீக்கிரமும் சிக்கனமும் அவர்களுக்குக் கொள்கை அல்ல, கட்டாயம். சுமார் பத்து நாளில் 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்' முடிந்தது. எட்டுப் பாட்டு, 35 நிமிடம் சொச்சம். ஜூனில் வெளியானது. ஆகஸ்ட், செப்டம்பரில் வாலி ஹைடர் ஸ்டுடியோவில் பதிந்த 'அமெரிக்கன் பியூட்டி' நவம்பரில் வந்தது. பில்போர்டு பட்டியலில் முதலாவது 27, இரண்டாவது 30. அதுவரை அந்தக் குழு பார்த்திராத இடம் அது.

பத்து நாளில் முடிந்ததே என்று மலைக்க வேண்டாம். ஸ்டுடியோவுக்கு வெளியே முடிந்த வேலை அது. ஒலிப்பதிவாளர் பாப் மேத்யூஸ் செய்தது இதுதான். முதலில் ஓரிரண்டு நாள் குழுவை உட்கார வைத்து எல்லாப் பாட்டையும் வெறும் இரண்டு தடத்தில் நேராகப் பதிந்தார். பிறகு இசைத்தட்டின் முதல் பக்கம் தொடக்கத்திலிருந்து இரண்டாம் பக்கம் முடிவு வரை எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று நாடாவை வெட்டி ஒட்டி வரிசைப்படுத்தினார். அதை கேசட்டில் நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். அந்த வரிசையிலேயே கேட்டு, அந்த வரிசையிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்துதான் 16 தடக் கருவியை ஓட்டினார்கள். வரிசை முன்னாலேயே தெரிந்தால் என்ன லாபம்? ஒரே சுருதியில் மூன்று பாட்டு அடுத்தடுத்து வருவது முன்கூட்டியே கண்ணில் படும். இரண்டு மந்தமான பாட்டு ஒட்டிக்கொண்டு நிற்பது தெரியும். எந்தப் பாட்டில் பேஞ்சோ வர வேண்டும், எதில் வரவே கூடாது என்பதும் அப்போதுதான் புரியும். இதைச் செய்ய இன்று ஒரு போன் போதும். மேசை நடுவில் வைத்து நேராகப் பதிந்து, வரிசைப்படுத்தி, எல்லோரும் ஒரு வாரம் காதில் போட்டுக்கொண்டு அலைந்துவிட்டு, அதற்குப் பிறகு மணிக்கணக்கு வாடகை ஸ்டுடியோவுக்குப் போகலாம். நம் ஊரில் நடப்பது தலைகீழ்: ஸ்டுடியோவில் உட்கார்ந்து சரணத்துக்கு வரி தேடுகிறார்கள். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

மின்சாரம் போனதா என்றால், 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்'டில் பாதிக்கு மேல் மின்கிதார் இருக்கிறது. 'கம்பர்லேண்ட் புளூஸ்' மின்கிதாரில் தொடங்கி ஓடும். பேஞ்சோ பின்னால் வந்து சேரும். 'அங்கிள் ஜான்ஸ் பேண்ட்' கேட்க அடுப்படித் தாலாட்டு மாதிரி இருக்கும், ஆனால் இடையில் ஒரு துண்டு மைனருக்கு இறங்கி ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. மிஸ்ர சாப்புப் பழகிய கைக்கு அது பழைய சிநேகிதன். ஆச்சரியமும் இல்லை, குழுவின் இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் தபேலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர். அதற்கு முந்தைய 'லைவ் டெட்' தொகுப்பில் 3+3+3+2 என்று பதினொன்றை எண்ணும் ஒரு பாட்டையே வைத்திருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்' பதிவான அதே பிப்ரவரியில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் மேடையில் அவர்களுடைய பழைய சைக்கடெலிக் பாட்டான 'டார்க் ஸ்டார்' அரை மணி நேரம் ஓடியிருக்கிறது. மே மாதம் முதல் ஒரே இரவில் மூன்று பகுதி: முதலில் மரக்கிதாரும் குரலும், நடுவில் கார்சியா பெடல் ஸ்டீல் (காலால் மிதித்துச் சுருதி மாற்றும் கிதார்) வாசித்த 'நியூ ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' குழு, கடைசியில் முழு மின்சாரம். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

கன்ட்ரி பக்கம் முதலில் கால் வைத்தவர்களும் இவர்கள் அல்ல. 'தி பேர்ட்ஸ்' குழு 1968 மார்ச்சிலேயே நாஷ்வில் போய் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' பதிந்தது. அது அப்போது சரியாக விற்கவில்லை. அது தனிக்கதை.

இனி குரல். 1969 வரை 'டெட்' குழுவில் குரல் என்பது இரண்டு கிதார் தனி வாசிப்புக்கு நடுவில் வரும் இடைவேளை. க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் என்ற பாடகர் மூவரும் பழக்கமான பிறகுதான் மூன்று குரல் அடுக்கில் (ஒரே வரியை மூவர் வெவ்வேறு சுரத்தில் சேர்ந்து பாடுவதில்) கவனம் வந்தது. கார்சியா மெட்டைப் பாட, வியர் நடுவில், லெஷ் மேலே. ஸ்டுடியோவில் அழகாக ஒட்டிய இந்த அடுக்கு மேடையில் பல இரவுகள் பிசகியது. காரணம் திறமைக் குறைவு மட்டுமல்ல. பின்னால் இரண்டு டிரம், பக்கத்தில் உரத்த ஆம்ப். தன் குரல் தனக்கே கேட்காதபோது மேல் சுரம் பாடுகிறவர் கத்துவார், கத்தினால் சுருதி ஏறும். திருவிழா மேடையில் நம் குழுக்களுக்கு நடப்பதும் இதேதான். மானிட்டர் பெட்டி (மேடையில் இருப்பவர் தன் சத்தத்தைத் தானே கேட்க வைக்கும் ஒலிபெருக்கி) இரண்டே இருந்தால் இரண்டையும் பாடகர்களுக்குக் கொடுங்கள். டிரம்காரருக்குத் தன் சத்தம் எப்படியும் கேட்கும்.

தமிழ்ப் பாட்டில் குரல் அடுக்கும்போது வேறு ஒரு சிக்கல் வரும். முன்பாட்டுக்காரர் நெடிலை நீட்டி அசைப்பார். அந்த அசைவோடு மூன்றாம் சுரத்தில் இன்னொருவர் இணையாகப் போக முடியாது. இரண்டு அசைவும் மோதி, சுருதி சேராதது போல் கேட்கும். இதைச் சரிசெய்யக் குரலை நேராக்கு என்று பெரியவரிடம் சொல்லக் கூடாது, சொன்னாலும் பாட்டு செத்துவிடும். அடுக்க வேண்டிய இடம் பின்பாட்டு. 'ஏலேலோ' விழும் இடத்தில் குரல் தானாகவே நேராக நிற்கும். அங்கே மெட்டுக்கு மேலே மூன்றாம் சுரம் ஒருவர், கீழே ஐந்தாம் சுரத்தை ஒட்டி ஒருவர் வைத்தால் போதும். மூவரும் நெடிலை ஒரே எண்ணிக்கையில் விட வேண்டும். ஒருவர் 'லோ'வை அரை எண்ணிக்கை அதிகம் பிடித்தால் அடுக்கு குழைந்துவிடும். தாளில் மூச்சு விடும் இடத்தை ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயப் பாடகர் குழுவில் டெனரோ ஆல்ட்டோவோ (மெட்டோடு சேரும் இணைக்குரல்கள்) பாடிப் பழகியவர் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் தெருவுக்கு ஒருவர் உண்டு. அவரைக் கூப்பிட்டால் பாதி வேலை முடிந்தது.

தங்கள் கட்டுரையில் "அழுவது போன்ற கிதார்" என்று சொல்லப்பட்டது பெடல் ஸ்டீல். கார்சியா 1969-ல் கையில் எடுத்தது. 'டயர் வுல்ஃப்', 'கேண்டிமேன்', 'சுகர் மேக்னோலியா' மூன்றிலும் கேட்கலாம். க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழுவின் 'டீச் யுவர் சில்ட்ரன்' பாட்டில் வருவதும் அவர் வாசிப்பே. சிறு வயதிலேயே வலது கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர் அந்தக் கையாலேயே இத்தனையும் மீட்டினார். கருவி மேசை போல நான்கு காலில் நிற்கும். நாஷ்வில் முறையான ஈ-நைன்த் டியூனிங்கில் பத்துக் கம்பி (ஈ, பி, ஜி போன்றவை மேற்கத்திய சுரப் பெயர்கள்; ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே). இடது கையில் இரும்புக் கட்டை, வலது கையில் கட்டைவிரலுக்கு ஒன்று, விரல்களுக்கு இரண்டு என நகப்பூண். முதல் பெடலை மிதித்தால் பி கம்பிகள் ஒரு முழு சுரம் ஏறி சி ஷார்ப் ஆகும். இரண்டாவதை மிதித்தால் ஜி ஷார்ப் கம்பிகள் அரைச் சுரம் ஏறி ஏ ஆகும். முழங்காலால் தள்ளும் நெம்புகோல் ஈ கம்பிகளை அரைச் சுரம் இறக்கும். கட்டை நகராமல் கம்பி மட்டும் வழுக்கிப் போவதால்தான் அந்த அழுகை. இரண்டு இடத்தில் இது காலை வாரும். பெடலை மிதிக்கும்போது சட்டமே லேசாக வளைந்து, மிதிபடாத கம்பிகளின் சுருதியும் இறங்கும். ஆகவே டியூன் செய்யும்போது மிதித்தும் பார்க்க வேண்டும், விட்டும் பார்க்க வேண்டும். மூன்றாவது கம்பி, 0.011 அங்குல ஜி ஷார்ப், மிகவும் மெல்லியது. ஓயாமல் இழுபடுவதால் அதுதான் முதலில் அறும். கைவசம் நாலைந்து இருக்கட்டும்.

அந்தக் கருவி இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. வழி இருக்கிறது. பழைய மெல்லிசைக் குழுக்களில் ஹவாயன் கிதார் வாசித்தார்களே, அதேதான். மூலையில் கிடக்கும் சாதாரண கிதாரின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் மேல் உலோக உயர்த்தியைச் செருகினால் கம்பிகள் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) படாத உயரத்துக்கு வந்துவிடும். டியூனிங்கைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று வையுங்கள். இதில் எந்தக் கம்பியும் வழக்கத்தை விட ஏறவில்லை. நாலு கம்பி இறங்குகிறது, இரண்டு அப்படியே நிற்கிறது. இணையத்தில் பார்த்துவிட்டு டோப்ரோ என்ற உலோகத் தட்டுக் கிதாரின் டியூனிங்கை (ஜி, பி, டி, ஜி, பி, டி) சாதாரண கிதாரில் வைப்பவர்கள் உண்டு. அதில் ஆறாவது கம்பி மூன்று அரைச் சுரமும் ஐந்தாவது இரண்டும் ஏற வேண்டும். கம்பி அறுவது ஒரு பக்கம், கம்பியின் கீழ்முனையைப் பிடிக்கும் பிரிட்ஜ் பலகையோடு பிய்த்துக்கொண்டு எழும்புவது இன்னொரு பக்கம். இரும்புக் கட்டை ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், விரல் வைப்பது போல் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அல்ல. தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் கட்டை சரியாக இருப்பது போலத் தோன்றும், சுருதி தப்பியிருக்கும். கட்டைக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பியைத் தொட்டபடி வரட்டும். இல்லாவிட்டால் கட்டையின் மறுபுறமும் கம்பி பாடும், தகரத்தில் ஆணி கீறுவது போல.

எங்களுக்கு இந்த இரண்டு தொகுப்பிலும் முக்கியமாகப் படுவது கருவி அல்ல. இரண்டிலும் சேர்த்துப் பதினெட்டுப் பாட்டு. ஒன்றுகூடப் பழைய நாட்டுப்பாட்டு இல்லை. அத்தனையும் புதிதாகக் கட்டியவை, பெரும்பாலும் ராபர்ட் ஹன்டர் எழுதிய வரிகள். கேட்டால் நூறு வருடம் ஊரில் புழங்கியது போல் இருக்கும். சுரங்கத் தொழிலாளி, சூதாடி, வழிப்போக்கன் என்று ஆட்களும் பழைய ஆட்கள். 'கேஸி ஜோன்ஸ்' நிஜ மனிதர்: 1900 ஏப்ரல் 30 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த ரயில் மோதலில் இறந்துபோன எஞ்சின் ஓட்டுநர். அவரைப் பற்றிப் பாட்டு ஏற்கெனவே ஊரெல்லாம் பாடப்பட்டது. ஹன்டர் அதைத் திரும்பப் பாடவில்லை. அந்தக் கதையை எடுத்துத் தன் காலத்துப் போதைப் பழக்கத்தை ஏற்றிப் புதுப்பாட்டு எழுதினார். நமக்கு இது புரியாத விஷயமா? கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து என்று காலணாப் புத்தகம் அச்சடித்துச் சந்தையில் பாடி விற்ற நாடு இது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் ரயிலோடு கடல் கொண்டுபோனதைப் பாட, அந்தச் சிந்து மெட்டை விடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா?

இப்போது இங்கே நடப்பதோ வேறு. கிழவர் ஒருவர் பாடிய அம்பாவைப் போனில் பிடித்து, எதிரொலி மூன்று விரல் கனத்துக்குப் பூசி, அடியில் ஒரு டிரம் லூப்பை ஓடவிட்டு 'ஃபோக் ஃபியூஷன்' என்று பெயர் வைக்கிறார்கள். பாடியவர் பெயர் கீழே இருக்காது, கையில் நூறு ரூபாய் கூடப் போயிருக்காது. 'ஆக்ஸோமாக்ஸோவா' செய்த அதே தப்பு, கடன் மட்டும்தான் பாக்கி. அம்பாவின் கட்டுமானத்தைக் கற்றுக்கொண்டு இன்றைய வேலையைப் பாடட்டும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் கிடக்கும் விசைப்படகு இருக்கிறது. ஐஸ் பெட்டியும் டீசல் கணக்கும் இருக்கின்றன. மூங்கில் மிதவையில் 45 நாள் வளர்த்த பாசியைப் பெண்கள் அறுத்துக் கரைசேர்ப்பது இருக்கிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவனுக்காக வீட்டில் காத்திருப்பது இருக்கிறது. இதில் எதற்கும் இன்னும் நல்ல பாட்டு வரவில்லை.

கட்டுமானம் என்றோமே, அது இதுதான். கரைவலை இழுக்கும்போது ஒருவர் வரி சொல்ல, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். வரி வரும்போது கை பிடி மாறும். பின்பாட்டில் இழுப்பு விழும். மடி (மீன் சேரும் வலைப்பை) கரையை நெருங்க நெருங்க நடை வேகமெடுக்கும். ஆகவே கிளிக் டிராக் (காதில் ஒரே சீராகத் தாளம் தட்டும் ஓசை) போட்டுப் பதிந்தால் பாட்டு நொண்டும், பாடுகிறவர் கிளிக்குக்குப் பயந்து வரியை விழுங்குவார். முதலில் அவரைக் கிளிக் இல்லாமல், காலால் தட்டிக்கொண்டே பாடவிட்டுப் பதியுங்கள். கிதார் பிறகு அவரைத் தொடரட்டும். பின்பாட்டுக்கு முன்னால் விழும் சின்ன மௌனத்தை எடிட்டிங்கில் வெட்டிவிடாதீர்கள். கயிறு இறுகும் நேரம் அது.

சுருதி. பாடுகிறவர் எந்தக் கட்டையில் (ஸா நிற்கும் சுருதி அளவு) நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். வெளியில் உரத்துப் பாடிப் பழகிய ஆண் குரல் உட்கார்ந்து பாடும்போது ஒரு கட்டை, தள்ளிப் போனால் இரண்டு கட்டை குறைவாக நிற்கும். அதை வைத்துச் சுருதி கட்டினால் மேடையில் உப்புச்சப்பில்லாமல் போகும். நின்றுகொண்டு பாடச் சொல்லி அளவெடுங்கள். மெட்டு ஹரிகாம்போதிச் சாயலில் இருந்தால் ('டார்க் ஸ்டார்' சுற்றி வருவதும் அதே சுரங்களில்தான்), ஏ-ஐ ஸாவாக வைத்து ஏ, ஜி என்ற இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போதும். பழக்க தோஷத்தில் ஈ மேஜர் பிடித்துவிடுவார்கள். அதற்குள் ஜி ஷார்ப் இருக்கிறது. அது காகலி நிஷாதம் (மேல் நி), பாட்டில் இருப்பதோ கைசிகி நிஷாதம் (அரைச் சுரம் கீழே உள்ள நி). அந்த ஒரு கார்டு விழுந்ததும் நாட்டுப்பாட்டு சினிமாப் பாட்டாகிவிடும். வேண்டுமென்றால் ஈ மைனர் போடுங்கள். புன்னாகவராளிச் சாயல் என்றால் ஈ-ஐ ஸாவாக வைத்து ஈ மைனரும் எஃப் மேஜரும், தேவைப்பட்டால் டி மைனரும். இங்கே ஈ மேஜர் போட்டால் காந்தாரம் மோதும். பாடுகிறவர் நாலு கட்டை என்றால் இந்த ஈ பிடிகளோடு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கிளிப்), ஐந்து கட்டை என்றால் மூன்றாவதில். பாடும் வரிக்குள் கார்டு மாற்றவே வேண்டாம். மாற்றம் பின்பாட்டின் முதல் எண்ணிக்கையில் விழட்டும்.

கடைசியாக உப்புக்காற்று. மரக்கருவிக்கு மாறப் போகிறவர்களுக்கு இந்தக் கரையில் இதுதான் முதல் எதிரி. ஒற்றைப் பலகை முகப்புக் கிதார் ஈரம் குடித்தால் வயிறு உப்பும், கம்பி உயரும், பிரிட்ஜின் பின்விளிம்பில் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். அந்த இடைவெளி தெரிந்த அன்றே கம்பியைத் தளர்த்திப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் சாய்த்து வைப்பவர்கள் ஒட்டுப்பலகைக் கிதார் வாங்குவதே மேல். ஓசை ஒரு மாற்றுக் குறைவு, ஆயுள் அதிகம். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியிலும் விட்டுத் துடையுங்கள். பூச்சுக் கம்பி விலை கூடுதல், இங்கே மட்டும் அது ஆடம்பரம் இல்லை. டியூனிங் ஆணிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. மின்கிதாரின் ஜாக்கில் பச்சைக் களிம்பு பூத்தால் கரகரப்பு வரும், ஆம்ப்பைத் திட்டிப் பயனில்லை. பேஞ்சோவுக்குத் தோல் போட்டால் கார்த்திகையில் தொங்கிப்போகும், பிளாஸ்டிக்தான் சரி. பறையையும் தாயிரா என்ற தோல் கைப்பறையையும் சூடு காட்டி ஏற்றலாம், பேஞ்சோவை அடுப்பில் காட்ட முடியாது.

கரையிலேயே பதிய ஆசைப்பட்டால் காற்றுக் கணக்கும் வேண்டும். ஆனி, ஆடியில் கச்சானும் சோழகமும் (மேல்காற்றும் தென்காற்றும்) அடிக்கும்போது மண்டபத்தின் தென்கடல் இரையும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் தலைகீழ். அலையின் இரைச்சல் 'ச', 'ஸ' ஒலிகள் இருக்கும் இடத்திலேயே பரவிக் கிடப்பதால் பிறகு எந்த ஃபில்டராலும் அதை மட்டும் எடுக்க முடியாது. அடங்கிய கடல் பக்கம் போய், கரையேற்றிய வத்தைப் படகின் மறைவில் உட்காருங்கள். நிழலுக்கு ஆசைப்பட்டுச் சவுக்குத் தோப்புக்குள் போனால் தோப்பே பாடும். மைக் வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில், சற்றுப் பக்கவாட்டில், மயிர் உறையோடு இருக்கட்டும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். கண்டென்சர் மைக் ஈரத்தில் பொரியும். சாதாரண டைனமிக் மைக் எதற்கும் அசையாது. போனில் பதிந்தால் தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள், இல்லையேல் ஒவ்வொரு மௌனத்திலும் கடல் எழும்பி முன்னால் வந்து நிற்கும்.

கட்டுரையோடு வந்த படத்துக்கும் ஒரு திருத்தம். கீழே 'பேஞ்சோ' என்று அச்சாகியிருக்கிறது. படத்தில் இருப்பது மாண்டலின். இரண்டிரண்டாக எட்டுக் கம்பி எண்ணிப் பார்த்தால் தெரியும். பேஞ்சோவுக்கு ஐந்து கம்பி, ஐந்தாவது மட்டும் பாதிக் கழுத்தில் தொடங்கும். 'அமெரிக்கன் பியூட்டி'யில் 'ரிப்பிள்' பாட்டுக்கும் 'ஃப்ரெண்ட் ஆஃப் தி டெவில்' பாட்டுக்கும் மாண்டலின் வாசித்தவர் டேவிட் கிரிஸ்மன். அடுத்த ஞாயிறு இணைப்பில் இதைத் திருத்தி வெளியிட்டால், கடைக்குப் போய்த் தப்பான கருவியைக் கேட்கப்போகும் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
கிதார் பழுதுபார்ப்பும் ஒலிப்பதிவும் செய்யும் மூவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.